பயறு வேரும் பாக்டீரியாவும்: வயல் வரப்பில் கேட்ட கேள்விகள்

மாசிக் கடைசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததும், தோவாளைப் பக்கம் இருக்கும் எங்கள் வயலில் மிச்ச ஈரத்தை நம்பிச் சிறுபயறு விதைப்போம். நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவன் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் பங்குனியில் யாராவது ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்படி வந்த கேள்விகள்தான் கீழே இருப்பவை. பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும்: செடிக்குப் பசி இருக்கிறதா, இல்லையா?

சிறுபயறு வேரில் முத்து முத்தாக ஏதோ ஒட்டியிருக்கிறது. நோயா?

"எடே மக்கா, இது என்ன வேருல புத்தா?" என்று பக்கத்து வயல் பாட்டா ஒருமுறை பதறிப்போய்க் கேட்டார். புத்தும் இல்லை, பூச்சி முட்டையும் இல்லை. அவை வேர்முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் லட்சக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை, அதாவது விவசாயிகள் தழைச்சத்து என்று சொல்வதை, செடி சாப்பிடக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

ஆனால் பாட்டாவின் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. வேர்முடிச்சு நூற்புழு தாக்கினாலும் வேர் அங்கங்கே வீங்கும். எது எது என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், லேசாகத் தள்ளினால் உதிரும். நூற்புழு வீக்கம் என்றால் வேரே பருத்திருக்கும், பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும். முடிச்சு நிறைய இருந்தால் நல்ல சேதி, வீக்கம் நிறைய இருந்தால் வேளாண் அலுவலரைப் பார்க்க வேண்டிய சேதி.

முடிச்சை நசுக்கினால் ரத்தம் மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கிறதே?

கிட்டத்தட்ட ரத்தத்தின் உறவினர்தான் அது. லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் போலவே இரும்பை மையமாகக் கொண்ட புரதம். முடிச்சின் சிவப்பு ஹீமோகுளோபின்தான் என்று 1939-இல் ஜப்பானிய ஆய்வாளர் குபோ கண்டறிந்தார்.

செடிக்கு இது எதற்கு? நைட்ரஜனை உடைக்கும் நைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. பட்டால் கெட்டுப்போகும். அதே சமயம் அந்த நொதிக்கு எரிசக்தி தயாரிக்க பாக்டீரியா மூச்சுவிட வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். இந்த இக்கட்டைத் தீர்ப்பதுதான் சிவப்புப் புரதத்தின் வேலை. ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது.

பூக்கும் சமயத்தில் நாலைந்து செடியைப் பிடுங்கி முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது வந்து உட்கார்ந்த பாக்டீரியா உதவாக்கரை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வயதாகிவிட்டது.

காற்றில்தான் கொட்டிக் கிடக்கிறதே நைட்ரஜன், செடி தானே எடுத்துக்கொள்ளக் கூடாதா?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டு கிடக்கின்றன. உர ஆலையில் அதைப் பிரிக்க 400 முதல் 500 டிகிரி வெப்பமும், வளிமண்டலத்தைப் போல நூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. அதே வேலையை பாக்டீரியா நம் வயலில், பங்குனி வெயிலில், மண்ணுக்கடியிலேயே செய்துவிடுகிறது. இலவசமாக இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க ஏ.டி.பி. என்கிற எரிசக்தி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. அத்தனைக்கும் சர்க்கரை தருவது செடி. அதனால்தான் செடி தேவையில்லாமல் இந்த ஏற்பாட்டில் இறங்காது.

செடியும் பாக்டீரியாவும் "பேசுகின்றன" என்கிறார்கள். வாயா, காதா, எப்படி?

வாசனையால் என்று சொன்னால் பாதி சரி. பூ வண்டைக் கூப்பிடுவதுபோல, வேர் மண்ணுக்குள் சில வேதிப்பொருள்களைக் கசியவிடுகிறது. அவை ஃபிளேவனாய்டுகள். பூவுக்கும் பழத்துக்கும் நிறம் தருகிற அதே குடும்பம். தழைச்சத்து இல்லாமல் வாடும் செடிதான் இதை அதிகமாகக் கசியவிடும். தீவனப் பயிரான குதிரைமசால் விடும் லூட்டியோலின் என்ற ஃபிளேவனாய்டு, பாக்டீரியாவின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது என்பது 1986-இல் தெரியவந்தது. சோயா விடுவது வேறு: ஜெனிஸ்டீன், டெயிட்சீன். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணிலுள்ள பாக்டீரியாவில் நாட்-டி என்ற ஒரு புரதம் காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தனக்குரிய ஃபிளேவனாய்டு வந்து சேர்ந்தால், அது ஒரு வரிசை மரபணுக்களைத் தட்டி எழுப்பும். உடனே பாக்டீரியா பதில் எழுதத் தொடங்குகிறது. அந்தப் பதிலுக்கு நாட் காரணி என்று பெயர். பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 1990-இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். நாலைந்து சர்க்கரை அலகுகள் கோத்த சிறு சங்கிலி, அதன் நுனியில் ஒரு கொழுப்பு வால். சங்கிலியில் எந்த இடத்தில் என்ன ஒட்டியிருக்கிறது, வால் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பாக்டீரியாவுக்கு பாக்டீரியா மாறும். கையெழுத்து போலத்தான்.

இந்தப் பதில் எவ்வளவு மெல்லிய குரலில் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நாட் காரணி இருந்தாலே வேர்த்தூவி வளைந்து நெளியத் தொடங்கும். அதற்கும் குறைவான அளவையும் செடி உணரும். வேர்த்தூவியின் மேற்பரப்பில் அதைப் பிடிக்கும் ஏற்பிகள் இரண்டு உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகக் குழு 2003-இல் அவற்றை அடையாளம் கண்டது.

ஏற்பி பிடித்ததும் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சில நிமிடங்களில் வேர்த்தூவிச் செல்லின் உட்கருவைச் சுற்றி கால்சியம் ஏறி இறங்கி, ஏறி இறங்கித் துடிக்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. 1996-இல் இதை முதன்முதலாகக் குதிரைமசாலில் பார்த்தார்கள். இந்தத் தாளத்தை உணரும் ஒரு புரதம் உட்கருவில் இருக்கிறது. தாளம் சரியாக இருந்தால், முடிச்சு கட்டும் மரபணுக்களை அது திறந்துவிடுகிறது.

அதற்குள் வேர்த்தூவியின் நுனி துரட்டிபோல் வளைந்து பாக்டீரியாவை மடக்கிக்கொள்ளும். அந்த மடிப்பிலிருந்து உள்நோக்கி ஒரு குழாய் வளரும், அதுதான் தொற்று இழை. அதன் வழியாக பாக்டீரியா வரிசையில் உள்ளே போகும். இதெல்லாம் நடக்கும்போதே, வேரின் உள்ளடுக்குச் செல்கள் பிரியத் தொடங்கி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிடும். விருந்தாளி இன்னும் நடையில் நிற்கும்போதே உள்ளே புட்டுக்கு மாவு நனைத்தாயிற்று. நம் பக்கத்து வீடுகளில் நடப்பதுதானே.

எல்லாக் கிருமியையும் விரட்டுகிற செடி, இதை மட்டும் எப்படி உள்ளே விடுகிறது?

நல்ல கேள்வி, ஏனென்றால் நாட் காரணியின் முதுகெலும்பு கைட்டினின் சிறு துண்டு. கைட்டின் என்றால் முட்டத்திலும் குளச்சலிலும் குவியலாகக் கிடக்கும் இறால் ஓட்டில் இருப்பதுதான். பூஞ்சைகளின் செல் சுவரிலும் அது உண்டு. ஆக, கைட்டின் துண்டு தென்பட்டால் "பூஞ்சை வந்துவிட்டது, சண்டைக்குத் தயாராகு" என்றுதான் செடி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. அதற்கென்று தனி ஏற்பிகள் உண்டு.

விநோதம் என்னவென்றால், பகைவனை அறியும் ஏற்பியும் நண்பனை அறியும் ஏற்பியும் அண்ணன் தம்பி போல அச்சு அசல். வித்தியாசம் ஏற்பியின் ஒரு சிறு பகுதியில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை மாற்றிப் பொருத்தினால் ஏற்பி எதை அறிகிறது என்பதும் மாறிவிடுகிறது. கொழுப்பு வாலும் ஓரத்து அலங்காரங்களும்தான் இறால் ஓட்டையும் உறவுக்காரனையும் பிரித்துக் காட்டுகின்றன. அத்தோடும் விடுவதில்லை. பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பசையையும் செடி உள்ளே விடும் வழியில் சோதிக்கிறது. அது பொருந்தாவிட்டால் தொற்று இழை பாதியில் நின்றுவிடும்.

எல்லாப் பயறுக்கும் ஒரே பாக்டீரியாதானா?

இல்லை. சிறுபயறு, உளுந்து, தட்டைப்பயறு, கொள்ளு, நிலக்கடலை ஆகியவை ஒரு கூட்டம். பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா வகைகள் இவற்றோடு ஒத்துப்போகும். கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம், பட்டாணிக்கும் மசூருக்கும் ரைசோபியம் லெகுமினோசாரம், சோயாவுக்குப் பெரும்பாலும் பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம். ஆகவே உரக்கடையில் பாக்கெட்டில் விற்கும் முடிச்சு பாக்டீரியாவை "ரைசோபியம்" என்று மட்டும் கேட்காமல், எந்தப் பயிருக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

நிலக்கடலையில் இன்னொரு வேடிக்கை. அங்கே துரட்டி வளைவும் இல்லை, தொற்று இழையும் இல்லை. பக்கவேர் வெளிவரும் இடத்திலுள்ள வெடிப்பு வழியாக பாக்டீரியா நுழைந்துவிடுகிறது.

முளைகட்டின சிறுபயறில் இது இருக்குமா?

இருக்காது. முளைக்கும் செடி விதையிலைச் சேமிப்பில் வாழ்கிறது. முடிச்சு கண்ணுக்குத் தெரிய மண்ணில் போட்டு இரண்டு வாரமாவது ஆகும். நீங்கள் பயமில்லாமல் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிடலாம்.

யூரியா கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் முடிச்சும் கூடும்தானே?

நேர்மாறாகத்தான் நடக்கும். என்னிடம் அதிகம் பேர் கேட்பதும், பதில் சொன்னபிறகும் நம்பாததும் இந்தக் கேள்விதான்.

சித்தப்பா ஒரு வருடம் எங்கள் வயலை ஒட்டிய அவர் வயலில் உளுந்துக்கு இரண்டு தடவை யூரியா வீசினார். செடி கரும்பச்சையாக, இடுப்புயரம் வளர்ந்தது. "பார்த்தியா மக்கா, உன் பாக்டீரியா எல்லாம் எதுக்கு?" என்று வரப்பில் நின்று சிரித்தார். பிடுங்கிப் பார்த்தபோது வேர் மொட்டையாக இருந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு மூன்று முடிச்சு. காயும் குறைவு. இலைதான் மிச்சம், பசு சந்தோஷமாகத் தின்றது.

காரணம் மேலே சொன்னதுதான். தழைச்சத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் செடி ஃபிளேவனாய்டைக் குறைக்கிறது, பேச்சைத் தொடங்குவதே இல்லை. தொடங்கிய பேச்சையும் நடுவில் நிறுத்துகிறது. பசி இல்லாதவன் சாப்பாட்டுக் கடைக்குள் ஏன் நுழைய வேண்டும்?

யூரியா போடாவிட்டாலும் செடி கண்டபடி முடிச்சு கட்டாது. முதல் சில முடிச்சுகள் உருவானதும் வேர் ஒரு சிறு புரதத் துண்டை மேலே அனுப்புகிறது. இலைகள் அதைப் பெற்றுக்கொண்டு, "போதும், இனி வேண்டாம்" என்று கீழே பதில் அனுப்புகின்றன. இந்தப் பேச்சு செடியின் தலைக்கும் காலுக்கும் இடையில் நடப்பது. இலையில் இந்த ஏற்பாடு பழுதான சோயா ரகங்களில் வேர் முழுக்க முடிச்சு அப்பிக்கொள்கிறது. கேட்க நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் செடி குட்டையாகிவிடுகிறது, சர்க்கரையெல்லாம் குடிவந்தவனுக்கே போய்விடுகிறது.

அதற்காக ஒரு துளிகூடப் போடக் கூடாது என்றும் இல்லை. முடிச்சு வேலைக்கு வரும்வரை செடி தாக்குப்பிடிக்க வேண்டும். இறவை உளுந்துக்கும் சிறுபயறுக்கும் அடியுரமாக ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்) என்பதுதான் தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. மணிச்சத்து இரு மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். முடிச்சுக்கு அது நிறையத் தேவை.

உள்ளே வந்த பாக்டீரியா வேலை செய்யாமல் சும்மா சாப்பிட்டால்?

செடி தண்டிக்கும். 2003-இல் சோயாவில் ஒரு சோதனை செய்தார்கள். முடிச்சைச் சுற்றியிருந்த காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். பாக்டீரியா வேலை செய்ய விரும்பினாலும் மூலப்பொருள் இல்லை. அந்த முடிச்சுகளில் பாக்டீரியாவின் பெருக்கம் பாதியாகக் குறைந்தது. ஆக்சிஜன் விநியோகத்தைச் செடி இறுக்கியதற்கான அறிகுறிகளும் தெரிந்தன. கூலி தராத முதலாளி என்று திட்டவும் முடியாது, வேலை வரவில்லை என்றால் சம்பளப் பிடித்தம், அவ்வளவுதான்.

பாக்டீரியா எப்போதாவது வெளியே வருமா, ஆயுள் கைதியா?

செடியைப் பொறுத்தது. சிறுபயறு, உளுந்து முடிச்சுகள் உருண்டை. முடிச்சு அழுகும்போது உள்ளிருந்தவை மண்ணுக்குத் திரும்பி மறுபடி பெருகும். பட்டாணி, குதிரைமசால் முடிச்சுகள் நீளமாக வளர்ந்துகொண்டே போகும். அங்கே உள்ளே போன பாக்டீரியாவைச் செடி உருமாற்றிவிடுகிறது. பருத்து வேலை செய்யும், இனப்பெருக்கம் மட்டும் முடியாது. தொற்று இழையிலேயே தங்கிவிட்ட உடன்பிறப்புகள்தான் அங்கே வம்சத்தைக் காக்கின்றன. கறாரான ஒப்பந்தம்.

புளியும் கொன்றையும் பயறு குடும்பம் என்று படித்தேன். அவற்றிலும் முடிச்சு உண்டா?

குடும்பம் சரி, முடிச்சு கிடையாது. புளி, சரக்கொன்றை, ஆவாரை மூன்றும் முடிச்சு கட்டாதவை. அகத்தியிலும் கொழிஞ்சியிலும் தக்கைப்பூண்டிலும் உண்டு. வரப்போரத் தொட்டாச்சிணுங்கியிலும் உண்டு, ஆனால் அதில் குடியிருப்பது ரைசோபியத்துக்குத் தூரத்து இனமான வேறொரு பாக்டீரியா கூட்டம். கடற்கரைச் சவுக்கு பயறு குடும்பமே இல்லை, இருந்தும் ஃபிராங்கியா என்ற பாக்டீரியாவோடு சேர்ந்து முடிச்சு கட்டுகிறது. மணலில் அது பச்சையாக நிற்பதன் ரகசியத்தில் பாதி அங்கே இருக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் கன்று நட்டதும் ஏதோ கொடியைப் படரவிடுகிறார்களே?

அது மூடுபயிர். பெரும்பாலும் பியூரேரியா, சில இடங்களில் முக்குனா பிராக்டியேட்டா. இரண்டும் பயறு குடும்பம்தான். கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் சரிவில் இரண்டு பருவமழையும் கொட்டும்போது மண் வழிந்து ஓடாமல் பிடித்துக்கொள்ளும். உதிரும் இலை வழியாகத் தழைச்சத்து ரப்பருக்குப் போய்ச் சேரும். ரப்பர் கிளை கூடி நிழல் கட்டும்வரைதான் பியூரேரியாவின் காலம். முக்குனா நிழலையும் ஓரளவு தாங்கும், மாடு வாய் வைக்காது என்பது கூடுதல் வசதி.

எங்கள் விளை செம்மண். பயறில் முடிச்சே வருவதில்லை, ஏன்?

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மேட்டு விளைகளில் இதை நானும் பார்த்திருக்கிறேன். மழை அதிகம் கழுவிய சரளைச் செம்மண் புளிப்பு மண். புளிப்பு கூடினால் பல ரைசோபியங்கள் பிழைப்பதே கஷ்டம், பேச்சும் குழறும். மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு மாலிப்டினம் என்ற நுண்சத்து செடிக்குக் கிடைக்காது. நைட்ரோஜினேஸின் இதயமே மாலிப்டினமும் இரும்பும்தான்.

முதலில் மண் பரிசோதனை. புளிப்பு என்று வந்தால் அளவுபார்த்துச் சுண்ணாம்போ டோலமைட்டோ இடலாம். சுண்ணாம்பு இட்டாலே பல சமயம் மாலிப்டினமும் தானாக விடுபட்டுவிடும். பாக்கெட் பாக்டீரியா வாங்குவது அதற்கப்புறம்.

அந்தப் பாக்கெட்டை எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு ஏக்கருக்கு எட்டு கிலோ விதை என்றால் 200 கிராம் பாக்கெட் ஒன்று போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் எல்லாம் செத்துவிடும், பூசணக்கொல்லியோடு சேர்த்தாலும் அதே கதை. விதைக்குப் பூசணக்கொல்லி போடுவதானால் ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

உள்ளே இருப்பது உயிர் என்பதை மறந்துவிடுவார்கள். ஒரு கடையில் வெயில் அடிக்கும் கண்ணாடி அலமாரியில் பாக்கெட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். தேதியும் தாண்டியிருந்தது. வாங்கிப் போட்டேன், ஒரு முடிச்சும் கூடவில்லை. நான் வாங்கியது கருப்பாக ஒரு பிடி தூள், அவ்வளவே. இப்போது தேதியைப் பார்க்காமல் காசு எடுப்பதில்லை.

தண்டில்கூட முடிச்சு வருமாமே?

வரும். மணிலா அகத்தியின் தண்டில் புள்ளி புள்ளியாக வரிசைகட்டி இருக்கும். நீர் தேங்கிய வயலிலும் வேலை செய்யும் என்பதால் நெல்லுக்கு அருமையான பசுந்தாள் உரம். இன்னொன்று நெட்டிக்கு உறவான சில நீர்ச்செடிகள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்குத் தக்கை தருகிற அதே இனம். 2007-இல் அவற்றின் பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள் திகைத்துப்போனார்கள். நாட் காரணி செய்யும் மரபணுவே அவற்றில் இல்லை, ஆனாலும் முடிச்சு வருகிறது. பேச்சுக்கு ஒரே மொழிதான் என்று நினைத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல குட்டு.

நெல்லிலும் இப்படி முடிச்சு வரவைத்துவிட்டால் யூரியாவே வேண்டாமே?

பல நாட்டு ஆய்வகங்களின் கனவு அது. அடித்தளம் நெல்லிலும் இருக்கிறது. மைக்கோரைசா என்ற வேர்ப்பூஞ்சையோடு நெல் கூட்டு வைத்திருக்கிறது. அந்த உறவு 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அங்கேயும் கால்சியம் துடிக்கிறது, அதைக் கேட்கும் அதே புரதம் வேலை செய்கிறது. பயறுவகைகள் அந்தப் பழைய வழியையே தங்களுக்கு வளைத்துக்கொண்டன. அந்தப் புரதத்துக்கான நெல்லின் மரபணுவை, அது பழுதான பயறுவகைச் செடியில் வைத்தபோது முடிச்சு உருவானதுகூட உண்டு. ஆனால் முடிச்சு என்ற உறுப்பைக் கட்டுவது, ஆக்சிஜனை அளந்து கொடுப்பது, சர்க்கரைக் கணக்கு இதெல்லாம் நெல்லுக்கு இன்னும் கைவரவில்லை.

பயறு எடுத்த வயலில் அடுத்து வரும் கன்னிப்பூ நெல்லுக்கு உரம் குறைக்கலாமா?

கொஞ்சம் குறைக்கலாம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதி பயறு மணியாக மாறி நம் கஞ்சிக்கே வந்துவிடுகிறது. வேரும் தழையும் வயலில் மடிந்தால்தான் நெல்லுக்கு ஏதாவது மிஞ்சும். தக்கைப்பூண்டைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதன் லாபம் வேறு, காய் பறித்த பயறின் லாபம் வேறு.

இதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் வருடாவருடம் சண்டை. செடியை அடியில் அறுத்து வேரை மண்ணில் விடச் சொல்வேன் நான். குனிந்து அறுத்தால் இடுப்பு போய்விடும், பிடுங்குவதுதான் சுளுவு என்பார் அம்மா. இந்த வருடம் பாதி வயலை அறுத்தோம், பாதி வயலைப் பிடுங்கினோம். நடுவில் ஒரு கம்பு நட்டு வைத்திருக்கிறேன். கன்னிப்பூ நாற்று நட்டு ஒரு மாதம் ஆனதும், கம்புக்கு எந்தப் பக்கம் பச்சை தூக்கலாக இருக்கிறது என்று இருவரும் போய்ப் பார்ப்பதாகப் பேச்சு.